சஹனுக்கு ஒரு வரம்பு

அன்புள்ள ரைஹானத்துக்கு ஸலாம். தோஹாவில் நான் சுகம். காயல்பட்டினத்தில் உன் முட்டுவலி தேவலையா?

நேற்று ஆபீஸில் சின்னக் கூத்து. ஒரே சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகள் ஓடுகின்றன. எல்லாவற்றுக்கும் நெட் ஒரே மெய்நிகர் சுவிட்ச் வழியாகத்தான். நாலு பேர் சேர்ந்து உண்ணும் சஹன் தட்டில் ஒருவனே கறியை அள்ளுவதுபோல, ஒன்று மட்டும் மொத்த வேகத்தையும் இழுத்துக்கொண்டது. அதற்கு வேக வரம்பு வைத்தேன். மற்றவை மூச்சுவிட்டன.

பெருநாளன்று வீடியோவில் பார்த்தேன். உன் தங்கை மாப்பிள்ளை இர்ஷாதின் சஹனில் நம் மகள்! கூப்பிட்டால், "பொறுங்க வாப்பா, சாச்சா ஊட்டுதாங்க" என்கிறாள்.

மிளகாய்ப்பொடியும் என் பழைய தலையணை உறையும் கொடுத்தனுப்பு. தொழுகைக்குப் பாங்கு கேட்கிறது, முடிக்கிறேன். மகளின் பாசத்தை மொத்தமாய் அள்ளும் இர்ஷாதுக்கும் ஒரு வரம்பு வை. இங்கிருந்து என்னால் அது முடியவில்லை.

நூகு