தங்கம் எடை போட்ட இடம்

ஞாயிறு, இரவு.

இன்று அவனே வந்துவிட்டான். எங்கள் தங்கச் சுரங்க ஊரான சாம்பியன் ரீப்ஸைப் பற்றி நான் போடும் வீடியோக்களைத் திருடி, தன் குரலைச் சேர்த்துத் தன் சேனலில் போட்டுப் பேர் வாங்கும் பெங்களூர்க்காரன். புகார் கொடுத்துப் பார்த்தேன், பலனில்லை. அதனால்தான் எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் பூட்டிக் கிடக்கும் பழைய கக்கூஸைப் படம்பிடித்து, வெள்ளைக்காரன் தங்கம் எடை போட்ட இடம் என்று போட்டேன்.

"இன்னாங்க இது, ஊரே சிரிக்கும்" என்று என் மனைவி செல்வி தலையில் அடித்துக்கொண்டாள்.

"சிரிக்கட்டும். அவன் எடுக்கிறானா இல்லையா பாரு" என்றேன். மறுநாளே எடுத்துத் தன் சேனலில் போட்டான்.

இன்று கேமராவோடு வந்து என்னிடமே வழி கேட்டான். என் வீடியோக்களில் என் முகம் வராது, அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. "வாங்க சார்" என்று கூட்டிப்போனேன். செருப்பைக் கழற்றினான். படியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். "எங்க தாத்தா ரத்தம் சிந்துன மண்ணு" என்று கேமராவைப் பார்த்துத் தழுதழுத்தான்.

சுரங்க ஷாஃப்டில் இறங்கியவர் என் தாத்தா. அவரையும் திருடிக்கொண்டான்.

அவன் அழுததை என் போனில் முழுசாக எடுத்தேன். இப்போதுதான் என் சேனலில் போட்டேன், கக்கூஸ் என்று பெரிய எழுத்தில். இதையும் திருடிப் போடட்டும்.