மடை திறந்தவர் பெயர்

கோம்பை,
ஐப்பசி மாதம்.

அன்பு மகள் அனுசுயாவுக்கு,

உன் தாத்தாவின் முதுகை வளைத்து நாற்காலி செய்து, அதற்குப் பெரிய வீட்டுப் பெயரை வைத்துவிட்டாய். இதைச் சொல்லாமல் நலம் விசாரிக்க எனக்குக் கை வரவில்லை. நானும் உன் அப்பாவும் சுகம், லண்டன் குளிரில் உனக்கு ஒன்றும் வராமல் கௌமாரியம்மன் பார்த்துக்கொள்ளட்டும். இங்கே விடாத மழை, பந்தலில் பாதித் திராட்சை வெடித்துப்போனது. நீ வரைந்து உன் கம்பெனி செய்த நாற்காலி வந்து சேர்ந்தது, உட்கார்ந்து பார்த்தேன், இடுப்பு வலி தெரியவில்லை, பொய் சொல்ல மாட்டேன். பண்ணையாரின் பெரிய வீட்டுச் சுவர் ஓவியத்தில் தோட்டத்துக்கு மடை திறக்கிற ஆள் குனிந்திருக்கிறாரே, அந்த வளைவைத்தான் சாய்மானமாக்கினேன் என்று போனில் சொன்னாய். அதே தோட்டத்துக்கு ஆயுசு முழுக்க மடை திறந்தவர் உன் தாத்தா அம்மாவாசி. ஒரு நாளும் அங்கே அவரை உட்கார விட்டதில்லை. தெரிந்தும், சாய்மானத்தின் பின்னால் 'பெரிய வீட்டுத் தோட்டம்' என்று பித்தளைத் தகடு அடித்திருக்கிறாய்.

சேதி கேட்டு அந்த வீட்டு இளவட்டம் விஜய்ராஜ் பார்க்க வந்தான். அவன் செருப்பைக் கழற்றும் முன்பே உன் அப்பா எழுந்து, துண்டால் நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு, கதவோரம் தரையில் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். நம் சொந்த வீட்டில், அனு. அந்தப் பையன் காலை நீட்டிச் சாய்ந்துகொண்டு, "எங்க தோட்டத்த லண்டன் வரைக்கும் கொண்டு போயிட்டாளே, தவசி, ஒன் மக, கெட்டிக்காரிதான்" என்று உன் அப்பாவைப் பேர் சொல்லியே சொன்னான். உன் அப்பா சிரித்தார். தோட்டம் ஒங்களது, குனிஞ்சது யாரு என்று கேட்க வாய் வரை வந்தது, காபி போடப் போய்விட்டேன். அவன் போன பிறகு நீங்க உட்காருங்க என்றால், "அவுக பேருல்ல போட்டிருக்கு, அவுகளுக்குத்தான் சரியா இருக்கும்" என்கிறார். டிவி பார்க்கும்போதுகூட அதன் காலில் சாய்ந்து தரையில்தான் இருக்கிறார். வாங்குகிறவர்களுக்கு அரண்மனை மாதிரி ஒரு பெயர் வேண்டும் என்கிறாய், அதுவும் எனக்குப் புரிகிறது, புரிவதால்தான் கோபம் வருகிறது.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ, நேரத்துக்குச் சாப்பிடு. நூறு வயசு நன்றாயிரு ஆத்தா.

இப்படிக்கு உன் அம்மா,
இருளம்மாள்.

போனில் இதைக் கேட்டால் மட்டும் உனக்குச் சிக்னல் போய்விடுகிறது, அதனால் எழுதுகிறேன். அந்தத் தகட்டை நேற்று கழற்றிவிட்டேன், திருகாணித் துளைகள் வெறுமனே இருக்கின்றன. அதில் அடிக்க, இனி விற்கிற ஒவ்வொரு நாற்காலியிலும் அடிக்க, அம்மாவாசி என்று தகடு செய்து அனுப்பு.