கீழ்வீட்டு மீட்டர்

ஹாலிஃபாக்ஸ்,
4 நவம்பர் 2012

அன்புள்ள முரியல்,

மோர்காம் கடற்காற்று உடம்புக்கு ஒத்துக்கொண்டதா? இங்கே என் முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம். நீங்கள் மாடியைக் காலிசெய்து ஏழு வாரம் ஆகிறது. இன்னும் வியாழக்கிழமை நாலு மணி ஆனால் தேநீர் குடிக்க மேலே கிளம்பிவிடுகிறேன். பாதிப் படியில்தான் ஞாபகம் வருகிறது.

மாடிக்குக் கீலி என்று ஒரு பெண் வந்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் நர்ஸ். முதல் நாளே என்னை "க்ளிஃப்" என்று கூப்பிட்டாள். என் மனைவிகூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் தங்கை நோரா பத்து வருஷமாக ஒரே கம்பெனியிடம் கேஸும் கரண்டும் வாங்குகிறார் என்று சொன்னீர்களே, அன்றிலிருந்து எனக்கு மனசே ஆறவில்லை. ஐந்து கம்பெனிகளின் கட்டணங்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒரு தாள் வைத்திருக்கிறேன். யூனிட் விலையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். யூனிட்டை மலிவாகக் கொடுப்பவன் தினசரி நிலைக்கட்டணத்தில் பிடுங்கிவிடுவான். கேஸ், கரண்ட் இரண்டையும் ஒரே இடத்தில் எடுத்தால் தள்ளுபடி என்பார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் பாதி நேரம் அது வெறும் பேச்சுதான். மூன்றாவது கம்பெனிக்கு அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

போன வாரம் கிளப்பில் நாலு பேர் பில்லோடு என்னைச் சுற்றிக்கொண்டார்கள். "என்னய்யா க்ளிஃபர்ட், உன் வீடு ரொட்டி அடுப்பு மாதிரி கொதிக்குது, பில்லு மட்டும் சுண்டைக்காயா வருது?" என்றான் ஹரால்ட். கம்பெனியைத் தேர்ந்தெடுக்கத் தெரிய வேண்டும் என்றேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அங்கேயாவது விளக்குகளை அணைத்துவிட்டுப் படுங்கள். கட்டணம் எவ்வளவு குறைவாக இருந்தாலும், கை தாராளமாக இருந்தால் நான் என்ன செய்ய முடியும்?

என்றும் உங்கள் நண்பன்,
க்ளிஃபர்ட் ஓல்ட்ராய்ட்


மோர்காம்,
18 நவம்பர் 2012

அன்புள்ள க்ளிஃபர்ட்,

தாள் வந்தது. நோரா அதைப் பார்த்துவிட்டு, "இது என்ன, குதிரைப் பந்தயச் சீட்டா? அந்த மனுஷனுக்கு வேற வேலையே கிடையாதா?" என்றாள். அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் படித்தாள். நீங்கள் கோடு போட்ட கம்பெனிக்கே மாறப் போகிறாள். வாய்தான் அவளுக்கு நீளம்.

விளக்கைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இங்கே நான் ஒவ்வோர் அறையாக ஹீட்டரை அணைத்துக்கொண்டே போகிறேனாம், அவள் பின்னாலேயே போட்டுக்கொண்டு வருகிறாளாம். "நீ வந்து ரெண்டு மாசம் ஆச்சு, பில்லு ஏறவே இல்லையே. சுவாசிக்கிறியா இல்லையா?" என்று கேட்கிறாள். அங்கே கொள்ளை கொள்ளையாக எரித்தவள் இங்கே எப்படி இப்படி ஆனேன் என்று எனக்கே புரியவில்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். முகத்தைப் பார்த்துச் சொல்ல வெட்கமாக இருந்ததால் கடிதத்தில் எழுதுகிறேன். நான் கடற்காற்றுக்காக வரவில்லை, க்ளிஃபர்ட். அந்த பில்லைக் கட்டி மாளாமல்தான் வந்தேன். முப்பத்தொரு வருஷம் இருந்த வீடு அது. கடைசி இரண்டு குளிர்காலமும் கதகதப்புக்காக நூலகம் மூடும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்துவிட்டு, வீட்டுக்கு வந்து கோட்டோடு போர்வைக்குள் போய்விடுவேன். வியாழக்கிழமை மட்டும், நீங்கள் வருவதற்கு அரைமணி நேரம் முன்னால் ஹீட்டரைப் போடுவேன். நீங்கள் படியிறங்கியதும் அணைத்துவிடுவேன்.

இன்னொன்றும் இருக்கிறது, சிரிக்காதீர்கள். என் முன்னறைக் கம்பளத்துக்கு நேர் கீழே உங்கள் ஹீட்டர் இருந்தது. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை அங்கே வைத்துக்கொண்டு உட்காருவேன். உங்கள் சூட்டைத் திருடுகிறோமே என்று கூச்சமாக இருக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நீங்கள் நம் இருவர் மீட்டர் ரீடிங்கையும் எழுதிவைக்கிற பச்சை நோட்டோடு மேலே வந்து படித்துக்காட்டும்போது, பள்ளிக்கூடத்தில் மார்க் வாங்கத் தெரியாத பிள்ளை மாதிரி நிற்பேன்.

இவ்வளவு செய்தும் எனக்குச் சிக்கனம் வரவில்லை. உங்கள் உழைப்பையும் வீணாக்கிவிட்டேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
முரியல்


ஹாலிஃபாக்ஸ்,
12 ஜனவரி 2013

அன்புள்ள முரியல்,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு எழுத உட்கார முடியவில்லை. இப்போது எழுதியே ஆகவேண்டிய செய்தி ஒன்று வந்திருக்கிறது.

கீலிக்கு முதல் பில் வந்தது. பாதி நாள் ஆஸ்பத்திரியிலும் மீதி நாள் காதலன் வீட்டிலும் இருக்கிறவளுக்கு அவ்வளவு பெரிய பில்லா என்று நிலவறைக்கு இறங்கிப் போயிருக்கிறாள். "மேல்" என்று ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டியின் மெயின் ஸ்விட்சை அணைத்திருக்கிறாள். அவள் வீட்டு விளக்கு அணையவே இல்லை. என் வீடு இருண்டுவிட்டது. நான் முட்டை வேகவைத்துக்கொண்டிருந்தேன்.

மேலே ஏறி வந்து கதவைத் தட்டினாள். "க்ளிஃப், உங்க டீவி போயிடுச்சா?"

"ஆமாம்மா, கரண்டு போயிடுச்சு."

"போகல. நான்தான் ஆஃப் பண்ணினேன். உங்க பில்லை நான் கட்டிக்கிட்டிருக்கேன், தெரியுமா?"

கேஸ் மீட்டரும் அப்படித்தான். ஆறு வருஷத்துக்கு முன் புது மீட்டர்கள் வைத்தார்களே, அன்றிலிருந்து உங்கள் பில் என் வீட்டுக்கும், என் பில் உங்கள் வீட்டுக்குமாக மாறி வந்திருக்கிறது. மீட்டர் வைக்க வந்த ஆள் ஏதோ குளறுபடி செய்திருக்க வேண்டும். கம்பெனிகளுக்கு எழுதிவிட்டேன். நீங்கள் அதிகமாகக் கட்டியதை அவர்கள் திருப்பித் தருவார்கள். படிவங்களை நானே நிரப்பிவிட்டேன், கையெழுத்து மட்டும் போட்டு அனுப்புங்கள்.

மிகவும் வருந்துகிறேன், முரியல்.

க்ளிஃபர்ட்


மோர்காம்,
20 ஜனவரி 2013

என் அருமை க்ளிஃபர்ட்,

கடிதத்தைப் படித்துவிட்டு சமையலறை நடுவில் நின்று அழுதேன். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து நோரா ஓடி வந்தாள். இல்லையடி, நான் ஊதாரி இல்லையாம் என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. புரிந்த பிறகு அவளும் உட்கார்ந்துவிட்டாள்.

ஆறு வருஷமாக எனக்குள் ஏதோ கோளாறு என்று நினைத்திருந்தேன். மறதி வந்துவிட்டது, ராத்திரியில் நானே எழுந்து எதையோ போட்டுவிடுகிறேன் என்றுகூடப் பயந்தேன். டாக்டரிடம் கேட்கவும் வெட்கம். ஞாபகமிருக்கிறதா, ஒரு நவம்பரில் ஒரு வாரம் முழுக்க எல்லாவற்றையும் அணைத்துவிட்டு உங்களிடம் வந்து, "ஒண்ணுமே போடல க்ளிஃபர்ட், ஆனாலும் ஓடுது" என்றேனே? நீங்கள், "மீட்டர் பொய் சொல்லாதுங்க முரியல்" என்றீர்கள். பாவம், உங்களுக்கு மட்டும் எப்படித் தெரியும்? நாம் இரண்டு பேருமே ஏமாந்தோம்.

வருத்தப்பட்டு உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். ஈஸ்டருக்கு இங்கே வாருங்கள். நோரா மீன் பொரிக்கிறாள், நான் இஞ்சிக் கேக் செய்கிறேன். ஒவ்வொரு வருஷமும் நீங்கள் புதுக் கம்பெனி பார்த்துக் கொடுத்ததும் செய்து தருவேனே, அதே கேக்தான்.

ஒரே ஒரு உதவி. அந்தப் பச்சை நோட்டை அனுப்பி வையுங்கள். என் உண்மையான ரீடிங்கை என் கண்ணால் பார்க்க வேண்டும். நோராவுக்குக் காட்டிக் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்ள வேண்டும்.

மிகுந்த அன்புடன்,
முரியல்


ஹாலிஃபாக்ஸ்,
10 பிப்ரவரி 2013

முரியல்,

நோட்டை இத்துடன் அனுப்புகிறேன். அனுப்பாமல் இருக்க மூன்று வாரம் காரணம் தேடினேன். தொலைந்துவிட்டது என்றுகூட ஒரு கடிதம் எழுதி உறையில் போட்டேன். தபால் பெட்டிவரை போய்விட்டுத் திரும்பி வந்தேன்.

மீட்டர் வைத்த ஆள் எந்தக் குளறுபடியும் செய்யவில்லை. அந்த ஸ்டிக்கர்களை எழுதி ஒட்டியது நான். அவன் போன பிறகு, ஒழுங்காக இருக்கட்டும் என்று டார்ச்சு அடித்துக்கொண்டு ஒட்டினேன். எந்தக் குழாய் எங்கே போகிறது என்று நிமிர்ந்து பார்க்கவில்லை. உங்களையும் என்னையும் மலிவான கம்பெனிக்கு மாற்றப் படிவம் நிரப்பினேனே, அதில் என் ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் மீட்டர் நம்பரை எழுதினேன். உங்களுக்குச் செய்த முதல் உபகாரமே அதுதான்.

அதைக்கூடத் தவறு என்று சொல்லிக்கொள்ளலாம். மற்றதைச் சொல்ல முடியாது. நோட்டில் மார்ச் 2011 பக்கத்தைப் பாருங்கள். விட்பியில் மகள் வீட்டில் பதினாறு நாள் தங்கப் போனேன். வீட்டைச் சூடாக்கும் கேஸ் பாய்லரை அடியோடு அணைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து ரீடிங் எடுத்தால், உங்கள் மீட்டர் அசையவே இல்லை. அணைத்துவிட்டுப் போன என்னுடையது ஓடியிருந்தது. கெட்டில் கொதிக்கிற நேரத்துக்குள் எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பென்சிலால் ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன். அப்புறம் ரப்பரால் அழித்தேன்.

ஏன் என்று கேட்பீர்கள். பணத்துக்காக இல்லை என்றால் நம்புவீர்களா? தெருவில் பாதிப் பேர் பில்லை எடுத்துக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். ஓய்வுபெற்ற பஸ் இன்ஸ்பெக்டருக்கு வேறு என்ன மதிப்பு இருக்கிறது? அந்த மதிப்பே உங்கள் சிக்கனத்தில் நின்றது என்று வெளியே தெரிந்தால் கிளப்பில் எப்படித் தலைகாட்டுவேன் என்று நினைத்தேன். அடுத்த மாதம் சொல்லலாம், அடுத்த பில்லுக்கு முன் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். நீங்கள் நவம்பரில் வந்து சொன்னீர்களே, அது அந்தக் கேள்விக்குறியை அழித்து எட்டு மாதம் கழித்து. மீட்டர் பொய் சொல்லாது என்று உங்களிடம் சொன்னபோது யார் பொய் சொல்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

அந்த வருஷமும் கேக் கொண்டுவந்தீர்கள். இரண்டு துண்டு சாப்பிட்டேன். நீங்கள் வீட்டைக் காலிசெய்த அன்று பெட்டிகளை நான்தான் கீழே இறக்கினேன். அப்போதும் சொல்லவில்லை. நீங்கள் போன பிறகும், விளக்கை அணையுங்கள் என்று உங்களுக்கு எழுதினேன். அந்த வரியை நினைத்தால் உடம்பு கூசுகிறது. கோட்டோடு படுத்தீர்கள் என்பது மட்டும் எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. அதையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

சனிக்கிழமை கிளப்பில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். ஹரால்ட் தன் பில்லை மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

ஈஸ்டர் அழைப்பை நீங்கள் யாருக்கு அனுப்பினீர்களோ, அந்த ஆள் நான் இல்லை. பதில் எதிர்பார்க்கவில்லை.

க்ளிஃபர்ட்


மோர்காம்,
3 மார்ச் 2013

மிஸ்டர் ஓல்ட்ராய்ட் அவர்களுக்கு,

நோட்டு வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தால் அழித்த கேள்விக்குறி தெரிகிறது. நோராவுக்குக் காட்டிப் பெருமையடிக்கக் கேட்ட நோட்டு அது.

பரவாயில்லை என்று எழுத மூன்று முறை உட்கார்ந்தேன். கை வரவில்லை. ஸ்டிக்கரை மாற்றி ஒட்டியதற்கு எனக்குக் கோபமில்லை, நிலவறை இருட்டில் யாருக்கும் நேரக்கூடியதுதான். பணத்தைக் கம்பெனி திருப்பித் தருகிறது. என் வீட்டில் இப்போது கீலி இருக்கிறாள், அதை யாரும் திருப்பித் தர முடியாது. கம்பளத்தில் கால் வைத்து உங்கள் சூட்டைத் திருடுகிறேன் என்று கூசினேனே, அந்தக் கூச்சத்தை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. உங்களுக்கு விளங்கிய நாளிலிருந்து நான் காலிசெய்யும்வரை பதினெட்டு மாதம் அந்தக் கூச்சம் உங்களுடையதாக இருந்திருக்க வேண்டும். என்னைச் சுமக்க விட்டீர்கள்.

நோரா, "அந்த ஆள் வாசல்ல கால வெச்சான்னா கெட்டிலை எடுத்து மண்டையில போடுவேன்" என்கிறாள். நான் தடுக்கவில்லை.

ஆனால் நீங்களாகச் சொன்னீர்கள். நோட்டைத் தொலைத்திருக்கலாம், தொலைக்கவில்லை. அதையும் இரண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். பத்து வருஷத்து வியாழக்கிழமைகளை ஒரே நாளில் தூக்கிப் போடவும் எனக்குத் தெரியவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின வியாழன், நாலு மணிக்கு வாருங்கள். வீட்டுக்கு வேண்டாம். கடலோரச் சாலையில் மணிக்கூண்டுக்கு எதிரே ஒரு பெஞ்சு இருக்கிறது, அங்கே இருப்பேன். கேக் கிடையாது. எனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது, நான் முடிக்கும்வரை நீங்கள் எழுந்திருக்கக் கூடாது.

அங்கே காற்று எலும்புவரை போகும். கோட்டு போட்டுக்கொண்டு வாருங்கள்.

முரியல் பிரியர்லி