எந்தப் பூ என்று கேட்டார்கள்

மே 6, செவ்வாய்

கத்திரி வெயில். ஒன்பது மணிக்கே ரோடு காலைச் சுடுகிறது. மீன்பிடித் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது. ஃபைபர் படகில் வந்த நெத்திலியும் கொஞ்சம் சங்கராவும்தான் வியாபாரம்.

இன்று ஓர் அவமானம். மந்தைவெளி டீச்சரம்மா சங்கராவைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். கண் வெளுத்த மீனாம். எனக்குத் தெரியவே இல்லை. முப்பது வருஷமாகக் கண்ணையும் செவுளையும் பார்த்து மீன் எடுக்கிறவள் நான். பக்கத்துக் கடை செல்வி சும்மா இருப்பாளா? "மீனுக்குக் கண்ணு வெளுத்தா பழசுன்னுவ. இப்ப உனுக்கே வெளுத்துகீதே, யக்கா."

வாயை மூடுடி என்றேன். வீட்டுக்கு வந்து கண்ணாடியில் பார்த்தேன். வலது கண் நடுவில் சோற்றுப் பருக்கை மாதிரி வெள்ளை. கொஞ்ச நேரம் அழுதேன். அப்புறம் கோபம் வந்தது.

மகன் சேவியரிடம் இன்ஷூரன்ஸ் அட்டை கேட்க வேண்டும். கேஸ் சிலிண்டர் புக் பண்ண வேண்டும். டீச்சரம்மாவுக்கு நல்ல மீனாக அரைக் கிலோ கொடுக்க வேண்டும்.

மே 8, வியாழன்

அடையாறு, கண் ஆஸ்பத்திரி. சேவியர் தரமணி கம்பெனி பஸ்ஸை இன்னொரு டிரைவரிடம் விட்டுவிட்டு வந்தான். பெற்ற கடனைத் தீர்க்கிறானாம், பெரிய மனுஷன்.

சொட்டு மருந்து, மிஷின், மறுபடி சொட்டு மருந்து. டாக்டரம்மா சொன்னது: வலது கண்ணில் புரை முற்றிவிட்டது. இடதில் பாதி. வலதை உடனே செய்ய வேண்டும். செய்தால் ஒரு மாதம் கண்ணில் தண்ணீர் படக் கூடாது. ஐஸ் பெட்டி, மீன் கழுவுவது, எதுவும் கூடாது.

அப்படியென்றால் இந்த மாதமே முடிக்க வேண்டும். ஜூன் நடுவில் தடை நீங்கிப் படகு வரும்போது நான் ஏலத்தில் நிற்க வேண்டும். வருஷத்துக்கே சம்பாதிக்கிற மாதம் அது.

இன்ஷூரன்ஸ் கவுன்ட்டரில் கௌசல்யா என்று ஒரு பெண். நம்மூர் லென்ஸ் முப்பத்திரண்டாயிரம். வெளிநாட்டு லென்ஸ் இரண்டு மடங்கு. பாலிசியில் ஒரு கண்ணுக்கு முப்பதுக்கு மேல் தர மாட்டார்கள். வெளிநாட்டு லென்ஸ் போட்டு நான் என்ன லண்டனையா பார்க்கப் போகிறேன்? நம்மூரே போதும். முதல் இரண்டு வருஷம் புரைக்குப் பணம் கிடையாதாம். நான் நாலு வருஷம் கட்டியாயிற்று.

"உங்களுக்குப் பிரச்சினையே இல்ல ஆன்ட்டி. கம்பெனியிலேர்ந்து ஒரு போன் வரும், பேசிடுங்க."

மே 10, சனி

போன் வந்தது, சரியாக வியாபார நேரத்தில். சின்னப் பையன் குரல். ரொம்ப மரியாதை.

"ஆரோக்கியமேரி மேடம், கண்ணுல என்ன பிரச்சினை?"

"பூ உழுந்துகீது நைனா."

"எப்ப விழுந்துச்சு?"

"போன கிறிஸ்மஸ் பக்கம்."

"அப்ப எங்க இருந்தீங்க?"

"எங்க இருப்பேன், மார்க்கெட்லதான்."

"எந்தப் பூ மேடம்?"

கிண்டல் பண்ணுகிறான் என்று நினைத்தேன். "வெள்ளைப் பூதான், வேற இன்னா?" என்றேன். தேங்க்யூ சொல்லி வைத்துவிட்டான். நல்ல பிள்ளை.

மே 16, வெள்ளி

இன்ஷூரன்ஸ் பணம் இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

சேவியர் போனில் வந்த இங்கிலீஷைப் படித்துத் தமிழில் சொன்னான். மார்க்கெட்டில் இருந்தபோது வெள்ளைப் பூ ஒன்று கண்ணில் விழுந்து காயமாம். விபத்துக்கான சான்று தரவில்லையாம். சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து சிரித்தான். நானும் சிரித்தேன், வயிறு வலிக்க. கண்ணில் வெள்ளை விழுந்தால் பூ விழுந்தது என்றுதான் என் அம்மாவும் சொல்வாள், அவள் அம்மாவும் சொல்வாள். இந்தப் பையனை யார் வளர்த்தார்களோ. மல்லிப்பூ விழுந்து யாருக்காவது கண் போகுமா? ஆஸ்பத்திரி சீட்டில் புரை என்று இருக்கிறதே என்று கேட்டால், நோயாளியின் சொந்த வாக்குமூலம்தான் முக்கியமாம்.

அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. மே பாதி போயாயிற்று.

செல்வி சொல்கிறாள், ராயப்பேட்டை பெரியாஸ்பத்திரியில் காசில்லாமலே செய்வார்கள் என்று. தெரியும். சேவியரை அங்கேதான் பெற்றேன், ஒரு குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாலு வருஷம் நான் கட்டினது யார் வீட்டுக் கல்யாணத்துக்கு? விட மாட்டேன்.

மே 20, செவ்வாய்

தி.நகர், கம்பெனி ஆபீஸ். உள்ளே ஏசி. அதிகாரிக்கு சேவியர் வயது இருக்கும். கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார்.

"நீங்க சொன்னதத்தாம்மா எழுதியிருக்காங்க. கால் ரெக்கார்ட் இருக்கு."

"போடு, கேக்குறேன்."

போட்டார். ஹால் முழுக்க என் குரல். வெள்ளைப் பூதான், வேற இன்னா. வரிசையில் நின்றவர்கள், கவுன்ட்டரில் இருந்தவர்கள், வாட்ச்மேன், எல்லோரும் சிரிப்பு. காது சுட்டது. எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. ஓடவில்லை.

"சிரிச்சது போதும். கண்ணுல பூ உழுந்துச்சுன்னா இன்னான்னு இங்க ஒருத்தருக்குமா தெரியாது?"

பர்தா போட்ட ஓர் அம்மா வரிசையிலிருந்து சொன்னார்: "எங்க அத்தாவுக்கும் பூ விழுந்துதான் ஆபரேஷன் பண்ணோம். புரைதான் தம்பி அது."

அதிகாரி முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். எழுதிக் கொடுங்கள், மறுபடி அனுப்புகிறேன் என்றார். கொட்டை எழுத்தில் நாலு வரி எழுதிக் கொடுத்தேன்.

மே 30, வெள்ளி

கௌசல்யா போன். ஒப்புதல் வந்துவிட்டது. அடையாறுக்கு ஓடினோம். முப்பதாயிரம், முழுசாக. காரணம் என்ற இடத்தில் மட்டும் இன்னும் விபத்து என்றே இருக்கிறது.

"கையெழுத்துப் போட்டா திங்கக்கிழமையே ஆபரேஷன் ஆன்ட்டி."

"யம்மா, துட்டு வருதுல்ல? பூவோ காயோ, போட்டுட்டு வா," என்றான் சேவியர்.

பேனா கையில். போடத்தான் போனேன். அப்போதுதான் இடது கண் ஞாபகம் வந்தது.

"டேய், நாளைக்கு இந்தக் கண்ணுக்கு வந்து நின்னா, இதுலயும் பூ பறந்து வந்து உழுந்துச்சான்னு கேப்பான். பொய்க்காரின்னு பாலிசியவே புடுங்கிடுவான். மாத்தி எடுத்துக்கினு வரச் சொல்லு."

சேவியருக்குக் கோபம். தட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டான். பயமாகத்தான் இருக்கிறது. இங்கே மட்டும் எழுதுகிறேன்.

ஜூன் 5, வியாழன்

மறுபடி தி.நகர். மேலிடத்திலிருந்து திருத்தம் வரவில்லையாம். வரும்வரை உட்காருகிறேன் என்று உட்கார்ந்தேன். மதியம் பசித்தது. சாப்பாட்டுத் தூக்கைத் திறந்தேன். கருவாட்டுக் குழம்பு, கத்திரிக்காய் போட்டது. ஏசி ஹால், ஜன்னல் எல்லாம் சாத்தி. பத்து நிமிஷத்தில் அதிகாரி மூக்கைப் பொத்திக்கொண்டு மேலிடத்துக்கே போன் போட்டார்.

"ஒரு வாரத்துல வந்துடும்மா, நிச்சயமா."

"வரலன்னா நெத்திலிக் கருவாடு எடுத்துக்கினு வரேன்."

ஜூன் 12, வியாழன்

வந்துவிட்டது. காரணம்: கண்புரை. கையெழுத்துப் போட்டேன். ஆபரேஷன் பதினாறாம் தேதி. படகுகள் பதினைந்தாம் தேதியே கிளம்பிவிடும். முதல் மீன்பாடு எனக்கு இல்லை, இந்த மாத ஏலமே இல்லை. சேவியர் வாடகையைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான், ஆனாலும் சொன்னான்.

ஜூன் 17, செவ்வாய்

கட்டுப் பிரித்தார்கள். முதலில் பார்த்தது என் கையை. செதிலும் முள்ளும் கிழித்த கோடுகள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. எதிர்ச் சுவர் நீலமாம், இத்தனை நாள் சாம்பல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டரம்மா விரல் காட்டினார், எண்ணினேன். அப்படியே அழுதுவிட்டேன். அழக் கூடாது என்று அதட்டினார்.

செல்வி போன். வஞ்சிரம் குவிந்து கிடக்கிறதாம். சந்தோஷமாக விற்றுக்கொள் என்றேன். சந்தோஷமாகச் சொல்லவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

செக்கப். நன்றாக ஆறுகிறது. எப்படியும் இந்த மாதம் போனது போனதுதான், இடதையும் இதோடு முடித்துவிடலாமா என்று கேட்டேன். முடிக்கலாம் என்றார் டாக்டரம்மா. நேராகக் கவுன்ட்டருக்குப் போனேன். கௌசல்யா என்னைப் பார்த்ததும் தலையில் கை வைத்தாள்.

"மறுபடியுமா? எந்தக் கண்ணு ஆன்ட்டி?"

"மிச்சம் கீற கண்ணு."