ரப்பர் கைக்குக் காது இல்லை

அன்பில் குறையாத தங்கை ஞானத்திற்கு,

நீ மறைந்தது 1973 ஆகஸ்ட் 14, செவ்வாய்க்கிழமை. கல்லறையில் பதினைந்து என்று பொறித்துவிட்டார்கள்; சொல்லியும் திருத்தவில்லை. ஆனால் இன்று என் மனம் நிலைகொள்ளாததற்குக் காரணம் அதுவன்று. உன் மகள் மெர்சி.

நாளை அவளுக்குச் செய்முறைத் தேர்வு, நீ பாடம் நடத்திய அதே எஸ்டேட் ஆஸ்பத்திரியின் நர்சிங் பள்ளியில். பிள்ளைகள் ஊசி போட்டுப் பழகத் தேயிலைத் தூசு அடைத்து நீ தைத்த சாக்குத் தாத்தா இப்போது அங்கே இல்லை. புதிய டீச்சர் ரப்பர் கை வரவழைத்திருக்கிறார். அவர் செய்து காட்டுகிறார், பிள்ளைகள் திரும்பச் செய்கிறார்கள், ஒவ்வொரு படிக்கும் ஒரு சரிக்குறி, எல்லாவற்றுக்கும் நேரக் கணக்கு. இப்போது எங்கும் இப்படித்தான் கற்பிக்கிறார்களாம். குறை சொல்ல மாட்டேன். கொழுந்து பறிக்கிறவர்களின் கையில் குத்திக் குத்திப் பழகுவதைவிட இது மேல் அல்லவா?

ஆனால் தொடுமுன் முறைவைத்து அழைத்து, செய்யப்போவதைச் சொல்ல வேண்டும் என்ற உன் விதிக்கு அதில் சரிக்குறி இல்லை. ஒத்திகையில் மெர்சி வழக்கம்போல், "பாட்டி, ஊசி போடப்போறேன், சுருக்குன்னு இருக்கும்" என்றாளாம். வகுப்பே சிரித்திருக்கிறது.

"ரப்பர் கைக்குக் காது எங்கடி இருக்கு?" என்றாராம் டீச்சர்.

"மிச்ச உடம்புல இருக்கும் டீச்சர்!"

நீயேதான், ஞானம்! ஆனால் அதற்குள் நேரம் கடந்துவிட்டது. தேர்விலும் இப்படிச் செய்தால் தேறமாட்டாய் என்று எச்சரித்துவிட்டார்.

அதன்பின் ஊசி போடும்போது அவள் வாய் திறப்பதில்லை. டாக்டர் எழுதிய சத்து ஊசியை வியாழனன்று எனக்குப் போட்டாள். ஒரு சொல் இல்லை. வலிக்கவில்லை, ஆனாலும் திடுக்கிட்டேன்.

"ஏம்மா, சொல்லிட்டுப் போடக்கூடாதா?"

"சொன்னா மார்க் கிடையாது மாமா."

டீச்சர் சொன்னதை மீறு என்பதா, தாய் சொன்னதை மற என்பதா? நீ இருந்தால் எதைச் சொல்வாய்?

நேற்றுப் பள்ளிக்கே போய், சுவரில் ஒட்டியிருந்த தேர்வு விதிகளை இருமுறை படித்தேன். ரப்பர் கைக்குப் பிறகு உண்மையான நோயாளிக்கும் ஊசி போட வேண்டும். நோயாளி ஏதேனும் கேட்டால், பதில் சொல்லும் நேரம் கணக்கில் சேராது.

என் அடுத்த ஊசி நாளைதான். தேர்வுக்கு வரும் நோயாளியாக அங்கேயே போட்டுக்கொள்வதாகப் பெயர் கொடுத்துவிட்டேன். மெர்சி வந்தாலும் சரி, வேறு பிள்ளை வந்தாலும் சரி, கையை நீட்டுமுன் கேட்பேன்: "என்னம்மா செய்யப்போற?"

இது உனக்கு நான் தரும் வாக்கு.

அரைக்கைச் சட்டையை இப்போதே எடுத்துவைத்துவிட்ட,
உன் அண்ணன் சாமுவேல்
சூரியநெல்லி, 1976 மார்ச் 7, ஞாயிறு