சுவிஸில் ஒருத்தரும் இல்லையோ?

அன்புள்ள றஞ்சினிக்கு,

நீரும் டயனாவும் சுகம்தானே? மாமியின் முழங்கால் வலி குறைய வேண்டும் என்று மடு மாதாவை மன்றாடுகிறேன். நான் நல்ல சுகம். போனில் சொன்னால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் எழுதுகிறேன்.

போன செவ்வாய் ஹோட்டல் சமையலறையில் வழுக்கி விழுந்தேன். இடக்கை எலும்பில் சிறு வெடிப்பு, பயப்பட ஒன்றுமில்லை. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட தாதி, "உங்களைக் கூட்டிக்கொண்டு போக ஆரைக் கூப்பிட?" என்று ஜெர்மனில் கேட்டார். உம்முடைய ஊர் நம்பரைச் சொன்னேன்.

"சுவிஸில ஒருத்தரும் இல்லையோ?"

இந்த எங்கடின் பள்ளத்தாக்குக்கு வந்து மூன்று வருடம். ரயிலிலும் கடையிலும் தினமும் எனக்கு வணக்கம் சொல்கிறவர்களில் ஒருவருடைய பெயர்கூடத் தெரியவில்லை. "இல்லை" என்றேன்.

தன் வேலை முடிந்ததும் அவரே என்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்தார். அவிழ்ந்து கிடந்த என் சப்பாத்து நாடாவைக் குனிந்து கட்டிவிட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கை நோகிறதாக்கும் என்று நினைத்து இன்னொரு குளிசை தந்தார்.

மிளகாய்த்தூள் கொஞ்சம் அனுப்பும். டயனா பாடம் படிக்கிற சத்தத்தை நீளமாகப் பதிந்து அனுப்பும். கதைக்க ஒன்றுமில்லாவிட்டால் என்னை ஏசியாவது அனுப்பும்.

உங்களை இங்கே கூப்பிடக் கொடுத்த மனுவை மறுபடியும் மறுத்துவிட்டார்கள். மாமிக்குச் சொல்ல வேண்டாம். றஞ்சினி, ஒரு தடவை "வாங்கோ" என்று சொல்லும். எதையும் யோசிக்காமல் வந்துவிடுவேன்.

தபால் கந்தோர் பூட்டப் போகிறார்கள், நிறுத்துகிறேன்.

உம்முடைய
ஜெபநேசன்