பையில் இருக்கும் செம்புக் குழாய்

அன்புள்ள மாரிச்செல்வி,

நீயும் பிள்ளைகளும் சுகமா? எனக்கு இந்தக் குண்டூர் வெயிலைத் தவிர ஒரு குறையுமில்லை. நாரத்தங்காய் ஊறுகாய் இருந்தா கொடுத்துவிடு.

உன் தம்பி கடற்கரை இருக்கானே, அவன் ஓட்டுற பழைய லாரியில, பிரேக்குக்குக் காத்துப் போற செம்புக் குழாய்களைக் கழத்திட்டு பிளாஸ்டிக் டியூப் போட்டேன். காத்தடைக்கிற கம்ப்ரசரை ஒட்டின குழாய் மட்டும் செம்பாவே இருக்கட்டும், சூட்டுல பிளாஸ்டிக் இளகிட்டா பிரேக் போயிரும்னேன். லாரி முதலாளி கேக்கலை. அதையும் மாத்திட்டேன். "பாத்துக்கிடுதேன் அத்தான்"னு கடற்கரை சிரிக்கான்.

கொல்லத்துக்கு மிளகாய் லோடு. போற வழியில இந்தக் கடிதத்தை அவனே தருவான். போன்ல சொன்னா பதறுவே, அதான் எழுதுதேன். கூட வார பையில அந்தச் செம்புக் குழாய் இருக்கு. மேலகரத்துல பேச்சிராஜ் அண்ணாச்சி பட்டறையில அதை மாட்டாம, அவனைச் செங்கோட்டை மலை ரோட்டுல விடாதே. அங்கன சாரல் வேற விழும்.

ஹார்ன் அடிக்கான். நீ இதைப் படிக்கேன்னா, அவன் அதுவரைக்கும் நல்லபடியா வந்துட்டான்; இனி மலை மட்டும்தான் மிச்சம்.

உன்
இசக்கிப்பாண்டி